இல்லாத குடியுரிமையைத் துறப்பது எப்படி

1

சென்ற வருடம் ஒக்டோபரில் என் மகள் தர்சிகாவுக்குப் பதினெட்டு வயதானது. ஹனோவரில் இருக்கும் நம்மவர்கள் பதினெட்டையும் மண்டபம் எடுத்துத்தான் கொண்டாடுவார்கள். பிள்ளை பெரியவளானபோது சாமத்திய வீட்டுக்குப் பிடித்த அதே மண்டபம், அதே வீடியோக்காரர், அதே மூன்றடுக்குக் கேக். மகள் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வகுப்புச் சிநேகிதிகளோடு பிட்சா சாப்பிடப் போய்விட்டாள். நானும் இவரும் ஒரு சட்டி பாயாசத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்தபடி இருந்தோம். இவர் என்றால் என் கணவர் சிவநேசன். இருபது வருடமாக வாயால் பெயர் சொல்லாதவள், உங்களுக்காக ஒருமுறை எழுதிவிட்டேன். இனி இவர்தான்.

அந்தக் கிழமையே நகர நிர்வாகத்திலிருந்து மகளின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினெட்டு வயதான பிள்ளையின் கடிதத்தைத் தாய் உடைத்துப் பார்ப்பது இந்த நாட்டில் குற்றம். நான் உடைத்துப் பார்த்தேன்.

மிகவும் மரியாதையான கடிதம். இங்கே தலையில் கல்லைப் போடுவதென்றாலும் ‘மதிப்புக்குரிய செல்வி’ என்று விளித்துவிட்டுத்தான் போடுவார்கள். உங்களிடம் ஜேர்மன் குடியுரிமையோடு இலங்கைக் குடியுரிமையும் இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஜேர்மன் குடியுரிமைதான் வேண்டுமென்றால், மற்றதைக் கைவிட்டதற்கான அத்தாட்சியை இருபத்துமூன்று வயதுக்கு முன் தரவேண்டும். பேசாமல் இருந்தால் ஜேர்மன் குடியுரிமை தானாகவே இல்லாமல் போகும். இதுதான் சாரம்.

நான் ஒரு வசனத்தைத் தாண்டிப் போகமுடியாமல் நின்றேன். உங்களிடம் இலங்கைக் குடியுரிமை இருக்கிறது. எங்கே இருக்கிறது? அலுமாரியிலா, கட்டிலுக்குக் கீழேயா? ஹனோவரில் பிறந்து, ஹனோவரில் பல் முளைத்து, இலங்கையைப் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் மட்டும் கண்ட பிள்ளை. அவளிடம் இலங்கையின் கடவுச்சீட்டு இல்லை. பிறப்புப் பதிவு இல்லை. அந்த நாட்டின் எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை.

அது தற்செயலாக நடந்ததல்ல. அதற்கு நாங்கள் பாடுபட்டிருந்தோம்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். முன்பெல்லாம் இந்த மண்ணில் பிறந்தாலும் பிள்ளை தாய் தகப்பனின் நாட்டுக்குத்தான் சொந்தம். இரண்டாயிரமாம் ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். அப்போது பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், பெற்றோர் அந்த வருடத்துக்குள் விண்ணப்பித்தால் ஜேர்மன் குடியுரிமை தருவோம் என்றார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது. ஆனால் ஒரு வால் வைத்திருந்தார்கள். வளரும்வரை இரண்டையும் வைத்திருக்கலாம், வளர்ந்ததும் ஒன்றை விடவேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்டக் குந்தியிருந்து சர்வதேசச் சட்டம் கதைத்தோம். ஒருவர் எழும்பி, “பதினெட்டு வயதிலை பிள்ளையள் ஒரு நாட்டை விடோணுமாம். யோசிச்சுத்தான் செய்யிறியளோ?” என்று கேட்டார். பாடசாலைக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டர் சிரித்தார். “அண்ணை, இன்னும் ஒன்பது வருசம் நாங்கள் இஞ்சயோ இருக்கப்போறம்? அதுக்கிடையிலை எங்கட நாடு கிடைச்சு எங்கட பாஸ்போட் வந்திடும். பிள்ளையள் அதை எடுக்குங்கள்.” மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களுக்கு அந்த வால் ஒரு பயமுறுத்தல். எங்களுக்கு அது பின்னால் கிடைக்கப்போகும் பலகாரம்போல இருந்தது. அந்த மாஸ்டர் இப்போது இரண்டு வீடு வாங்கி இங்கேயேதான் இருக்கிறார்.

அதே காரணத்தால்தான் எங்களில் அநேகர் பிள்ளைகளின் பிறப்பைத் தூதரகத்தில் பதியவில்லை. உலகத்தில் மற்றச் சனமெல்லாம் அந்நிய நாட்டில் பிள்ளை பிறந்தால் முதல் வேலையாகத் தூதரகத்துக்கு ஓடும். நாங்கள் பதியாமல் விட்டதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். “அவங்கட புத்தகத்திலை என்ர பிள்ளையின்ர பேர் ஏறாது” என்று இவர் ஆஸ்பத்திரியில், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளையைப் பெற்ற களையிலும் எனக்கு அது வீரமாகத்தான் பட்டது.

ஜேர்மன்காரனுக்கு எங்கள் வீரம் விளங்குமா? தகப்பன் இலங்கையர், ஆகவே பிள்ளையும் இலங்கையர் என்று அவன் தன் கோப்பில் தட்டிவைத்துக்கொண்டான். நாங்கள் ஏற்றாத பெயரை அவன் ஏற்றிவிட்டான்.

3

மகளுக்குப் பொலிசில் சேர விருப்பம். பள்ளிக்கூடம் முடிந்ததும் பொலிஸ் படிப்புக்குப் போவதென்று பதினைந்து வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். முதல்முறை சொன்னபோது இவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். எண்பத்தைந்தில் சுன்னாகம் சந்தியில் வைத்து இவரை ஏற்றிக்கொண்டுபோனவர்களும் சீருடைக்காரர்கள்தான். சில கிழமை கழித்து வெளியே வந்தவர், நேராகக் கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையம் என்று வந்து இறங்கினார். பொலிஸ் என்று சொன்ன மகளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “இஞ்சத்தைய பொலிஸ் அடியாது” என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

பொலிஸ் வேலைக்கு ஜேர்மன் குடியுரிமை வேண்டும். இருபத்துமூன்று வயதில் அது போனால் சீருடையும் போகும். அதனால் மகள் கடிதம் வந்த உடனேயே நகர அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துவிட்டாள். இந்த நாட்டில் டெர்மின் இல்லாமல் சாவு மட்டும்தான் வரும். நான் வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளோடு போனேன்.

மேசைக்கு அங்காலே கிறேகர் என்ற ஒரு பெண். நல்ல மனுசி. யன்னலில் கள்ளிச்செடி வளர்க்கிறாள். அவள் விளக்கிக்கொண்டே போனாள். மகள் என் பக்கம் திரும்பி, “பெரிசா ஒண்டுமில்லை அம்மா, ஒரு கடதாசி வேணுமாம்” என்றாள். சின்ன வயதிலிருந்தே மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, எங்களுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதை அவளே தீர்மானிக்கப் பழகிவிட்டாள். எனக்கு முழுவதும் விளங்கியது. இருபது வருடம் இந்த நாட்டுக் கிழவர்களுக்குச் சாப்பாடு போட்டவள் நான். அவர்களின் திட்டு உட்பட எல்லாம் விளங்கும்.

“இவள் ஒருநாளும் இலங்கைப் பிரசையாக இருந்ததில்லை. எங்கேயும் பதியவில்லை,” என்று என் ஜேர்மனில் சொன்னேன்.

“அப்படியென்றால் இன்னும் சுலபம். இல்லை என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.”

“நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஐந்து வருடத்துக்கு முன் இதே அலுவலகத்தில்தான் ஜேர்மன் குடியுரிமை எடுத்தேன். என்னிடம் நீங்கள் இலங்கைக் கடதாசி ஒன்றும் கேட்கவில்லையே?”

கிறேகர் கணினியில் எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “நீங்கள் அகதியாக ஏற்கப்பட்டவர். அகதியிடம், தப்பி வந்த நாட்டுக்குப் போய்க் கடிதம் வாங்கி வா என்று நாங்கள் கேட்க முடியாது. உங்கள் மகள் அகதி அல்லவே. அவர் ஜேர்மன்.”

இதை நீங்கள் இரண்டுதரம் வாசித்தாலும் தப்பில்லை. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் ஒரு கடதாசியும் இல்லாமல் ஜேர்மன் ஆகலாம். அந்த ஊரைக் காணாதவள், ஜேர்மனாக இருப்பதற்கு, அந்த ஊர் விடுதலை கொடுக்கவேண்டும். விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்றாள் கிறேகர். ஆனால் அதற்கும், நாங்கள் கேட்டு அவர்கள் மறுத்ததைக் காட்டவேண்டுமாம். எந்தப் பக்கத்தால் போனாலும் முதலில் தூதரகத்து வாசல்தான்.

ட்ராமில் வரும்போது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். “ஏன் அம்மா அவவோட சண்டைக்குப் போனீங்கள்? அவ சட்டத்தைத்தானே சொன்னவ.”

“சட்டமெண்டா எல்லாம் சரியோ?”

“நான் பொலிஸ் ஆகப்போறன். வேற என்ன சொல்லச் சொல்லுறீங்கள்?”

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

4

பேர்லினில் இருக்கும் இலங்கைத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தமிழில் பதில் வந்தது. அது என்னைத் தடுமாற வைத்தது. இருபது வருடமாக மனதில் கட்டி வைத்திருந்த பதில்கள் எல்லாம் தமிழ் தெரியாத ஒருவருக்காகத் தயாரித்தவை.

“இல்லை எண்டு எழுதித் தாற வழக்கமில்லை அம்மா. பதிஞ்ச ஆக்களுக்குத்தான் நாங்கள் ஏதும் எழுதலாம்,” என்றார் அவர். குரலில் ஒரு கடுமையும் இல்லை. “முதல்ல பிள்ளையின்ர பிறப்பைப் பதியுங்கோ. பதிஞ்சாப் பிறகு, வேண்டாமெண்டா துறக்கலாம்.”

தாலியே கட்டாதவளிடம் விவாகரத்துப் பத்திரம் கேட்கிறார்கள். இல்லையா, ஒருக்கால் கட்டிப்போட்டு வா, அறுத்துத் தாறம் என்கிறார்கள். என் வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு, நான் வந்து பதியலாமா என்று கேட்டேன். பிள்ளை பிறந்த காலத்துச் சட்டப்படி உரிமை தகப்பன் வழியால்தான் வரும், தகப்பன்தான் தன் கடவுச்சீட்டோடு வரவேண்டும் என்றார்.

இவரிடம் இருந்தது அகதிகளுக்கு ஜேர்மனி கொடுக்கும் நீல நிறப் பயணப் புத்தகம். இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று உள்ளே அச்சடித்திருக்கும். நான் ஜேர்மன் குடியுரிமை எடுத்தபோது இவரையும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். “ஒரு நாட்டை விட்டிட்டு வந்தது காணும். இன்னொரு நாட்டுக்குச் சத்தியம் பண்ண என்னாலை ஏலாது. நான் அகதி. எங்கட பிரச்சினை முடியுமட்டும் அகதிதான்” என்றார். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்கள். இவர் இரண்டிலும் கால் வைக்காமல் இருபத்துநாலு வருடம் கரையிலேயே நின்றவர். தொழிற்சாலையில் பாண் சுட்டார், வரி கட்டினார், ஒரு தேர்தலிலும் வாக்குப் போடவில்லை. எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்த நாட்களும் உண்டு. ஆனால் அந்த மனுசனிடம் சொந்தம் என்று சொல்ல இருந்தது அந்தப் பிடிவாதம் மட்டும்தான்.

மாசியில் இவர் முதன்முறையாகத் தூதரகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். தொலைபேசியில் கதைத்த அதே ஆள்தான் யன்னலில் இருந்தார். கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். “வாங்கோ ஐயா, இருங்கோ” என்றார். நீலப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், விரிக்காமலே இந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

“இதை வைச்சு நீங்கள் இலங்கையர் எண்டு நான் பதிய ஏலாது, ஐயா. நீங்கள் முதல்ல இலங்கைப் பாஸ்போட் எடுக்கோணும்.”

“எடுத்தா இது போயிடும்,” என்றார் இவர்.

“அது ஜேர்மன்காரற்றை விசயம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. யாரிடமிருந்து தப்பி ஓடி வந்தாயோ, அவர்களின் கடவுச்சீட்டைக் கேட்டு எடுத்தால் நீ அகதி இல்லை என்பது இந்த நாட்டுச் சட்டம். வதிவிட அனுமதி அநேகமாக மிஞ்சும் என்று வக்கீல் பிறகு சொன்னார். அகதி என்ற பெயர்தான் போகும் என்றார், ஏதோ தழும்பை எடுத்துவிடுகிற வைத்தியர்போல.

ஆக விசயம் இவ்வளவுதான். மகள் ஜேர்மனாக இருக்கவேண்டுமென்றால் முதலில் இலங்கையராக வேண்டும். மகள் இலங்கையராக வேண்டுமென்றால் தகப்பன் முதலில் இலங்கையராக வேண்டும்.

5

அந்த மாசியில் எங்கள் வீட்டில் யாருக்கும் இதை யோசிக்க நேரமில்லை. இவருடைய தங்கை வதனி, என் மச்சாள், புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தாள். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தவள், எங்கிருந்தோ ஒருநாள் தொலைபேசி எடுத்தாள். “அண்ணை, கடற்கரைப் பக்கம் போகச் சொல்லுகினம். போறம். பிறகு எடுக்கிறன்.” அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சித்திரையில் சனம் பஸ் பிடித்து பேர்லினுக்குப் போய்ப் போராட்டம் நடத்தியது. நாங்கள் மூன்று பேரும் போனோம். இவர் வதனியின் கல்யாணப் படத்தைப் பெருப்பித்து மட்டையில் ஒட்டி, தூதரகத்து வாசலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டை அடைக்கக் கத்தினார். மகளும் கத்தினாள். கத்தி முடிந்ததும், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற இளம் பொலிஸ்காரியிடம் போய், இந்த வேலை எப்படி, உடற்பயிற்சிச் சோதனை கடுமையா என்று விசாரித்துக்கொண்டு நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். அவளோ மாமியின் படத்தைத் தகப்பனிடமிருந்து வாங்கி, கை மாற்றிப் பிடித்தாள். இந்தப் பிள்ளைகளை விளங்கிக்கொள்ள எங்களால் முடியாது என்று அன்றைக்குத் தீர்மானித்துவிட்டேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று செய்தியில் சொன்னார்கள். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் கைமாறிக் கைமாறி வந்தன. நாங்கள் தேடினோம். வதனி என்ற பெயரில் பலர் இருந்தார்கள். எங்கள் வதனி இல்லை.

இவர் சாப்பாட்டைக் குறைத்தார். கதையைக் குறைத்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: “பிள்ளையின்ர அலுவலைப் பார்ப்பம். நாளைக்கு லீவு சொல்லிப்போட்டன்.”

“இப்ப ஏன்? இருபத்துமூண்டு மட்டும் காலம் இருக்குத்தானே.”

“இனி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?”

ஏப்ரலில் எந்த வாசலுக்கு வெளியே நின்று கத்தினாரோ, ஜூனில் அதே வாசலால் உள்ளே போய்க் கடவுச்சீட்டுக்குப் படம் கொடுத்தார், கையெழுத்து வைத்தார். எங்கள் சனத்துக்குக் கண் முதுகிலும் இருக்கும். அடுத்த கிழமை தமிழ்க் கடைக்கு நாங்கள் போனதும், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கதை நின்றது. ஒருவர் மட்டும் வந்து, “என்ன அண்ணை, கட்சி மாறிட்டீங்களாம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சுடச்சுடக் கொடுக்க எனக்கு வாய் துடித்தது. அவருடைய பிள்ளைகளும் அந்த இரண்டாயிரத்துப் பிள்ளைகள்தான், இன்னும் இரண்டு வருடத்தில் அந்தக் கடிதம் அவர் வீட்டுக்கும் வரும். இவர் என் கையைப் பிடித்து அமத்திவிட்டு, ஒரு கட்டு வெங்காயத்தாரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடவுச்சீட்டு வந்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீலப் புத்தகத்தைக் கொடுக்கப் போனோம். அங்கிருந்த அலுவலர் நல்ல இளைஞர். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“அப்படியானால், இலங்கையில் இப்போது உங்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லையா?”

இவர் சுவரைப் பார்த்தார். தங்கை எங்கே என்று தெரியாத மனுசனிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்லுவார்? மகளின் சீருடை அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. “இல்லை,” என்றார். அலுவலர் அதை எழுதிக்கொண்டார். நான் வெளியே வந்து கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். கோபத்தில் அழுதேன். எவரில் கோபம் என்று கேட்டால் ஒருவரையும் காட்டமுடியாது. கிறேகர் நல்ல மனுசி. தூதரகத்து ஆள் மரியாதைக்காரர். இந்த இளைஞர் இவருக்குத் தண்ணீர்கூட வார்த்துக் கொடுத்தார். ஒருவரும் பிழை செய்யாமலே ஒரு மனுசனின் முதுகெலும்பை உருவி எடுக்கலாம் என்பதை நான் ஜேர்மனியில்தான் கண்டேன்.

6

ஆவணியில் மகளின் பிறப்பு பதியப்பட்டது. பத்தொன்பது வயதை எட்டிப்பிடிக்கிற பிள்ளை, புதிதாகப் பிறந்த இலங்கைப் பிரசை. இனித் துறப்பதுதான் மிச்சம். கார்த்திகையில் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் மகள் குசினிக்குள் வந்து, “நான் நாளைக்கு வரேல்லை” என்றாள்.

நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். “என்ன விசர்க்கதை? டெர்மின் பத்து மணிக்கு.”

“எனக்கு டெர்மின் தெரியும். நான் கையெழுத்து வைக்கேல்லை, அம்மா.”

“பொலிசுக்குப் போகேல்லையோ?”

“தெரியேல்லை.” அவளுக்குத் தமிழில் அழுகையைச் சொல்ல வராது. ஜேர்மனில் தொடங்கி, பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். “அப்பா எனக்காகத்தானே அந்தப் பாஸ்போட்டை எடுத்தவர். நான் நாளைக்குக் கையெழுத்து வைச்சா, நீங்களும் நானும் ஜேர்மன். இந்த வீட்டிலை அவர் மட்டும் தனிய அவையின்ர ஆள். கடையிலை என்ன கதைக்கினம் எண்டு எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறீங்களோ? அப்பா இப்ப ஆற்றையும் முகத்தைப் பார்க்கிறேல்லை. என்ர முகத்தையும் பார்க்கிறேல்லை.”

எனக்கு அவளை அணைக்கவும் வேண்டியிருந்தது, அறையவும் வேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் எங்கே இருந்தது இந்தப் புத்தி? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று காருக்குள் அழுத பிள்ளை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அறைக் கதவைச் சாத்துகிற பிள்ளை. ஜேர்மன் பிள்ளையாகிவிட்டாள், இனி எங்களுக்கு இல்லை என்று நான் மனதுக்குள் கைகழுவி வருடக்கணக்கு. இப்போது வந்து நிற்கிறாள், தகப்பனுக்குத் துணையாக ஒரு நாட்டை வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று.

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் காணவில்லை. உள்ளே வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும்.

“பிள்ளை, இஞ்சை பார். நான் அதை எடுத்ததே நீ அதை விடுறதுக்குத்தான். நீ விடாட்டி நான் ஏன் எடுத்தனான் எண்டு ஆருக்குச் சொல்லுறது?”

இவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, என் முன்னால் இருந்த பயற்றங்காயில் பாதியைத் தன் பக்கம் எடுத்து முறிக்கத் தொடங்கினார். கொஞ்சம் பொறுத்து அவளும் வந்து இருந்தாள்.

அடுத்த நாள் மூன்று பேரும் பேர்லின் ரயிலில் போனோம். மகள் வழியெல்லாம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தகப்பனின் தோளில் சாய்ந்து கிடந்தாள். அப்படிச் சாய்ந்து பல வருடம்.

அதே யன்னல், அதே ஆள். சத்தியக் கடதாசியை வாசித்துக் காட்டினார். இன்னாருடைய மகளான நான், இலங்கைப் பிரசை என்ற உரிமையை என் சுயவிருப்பில் துறக்கிறேன். மகள் பேனாவைப் பிடித்தபடி தகப்பனைப் பார்த்தாள். இவர் தலையை அசைத்தார். அவள் வைத்தாள். மூன்று மாதம்கூட முழுதாக இருக்காத நாடு. நான் கைப்பைக்குள் கைலேஞ்சியைத் தேடினேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த மனிதர் முத்திரை குத்தி, மீதியைக் கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னார். அடையாளத்துக்கு வாங்கி வைத்திருந்த இவருடைய புதிய கடவுச்சீட்டையும் திருப்பி நீட்டினார். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து அவருக்கு ஏதோ செய்திருக்க வேண்டும். இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப விரும்பினார்.

“எல்லாம் நல்லபடி முடிஞ்சுது, ஐயா. இனி நீங்களும் ஒருக்கா ஊருக்குப் போய் வரலாம். ஊரிலை இப்ப ஆரும் இருக்கினமோ?”

இவர் கடவுச்சீட்டை வாங்கவில்லை. அதை யன்னல் பலகையிலேயே வைத்து, விரித்து, தன் படம் அந்த மனிதரின் பக்கம் தெரியத் திருப்பினார்.

“ஒரு தங்கச்சி. வதனி எண்டு பேர். புருசன், ரெண்டு பிள்ளையள். மாசிக்குப் பிறகு கதையில்லை.” குரல் தாழ்ந்திருந்தது. “இவ்வளவு நாளும் கேக்க எனக்கு உரிமையில்லை. இப்ப நான் உங்கட ஆள்தானே? நீங்கள் சொல்லுங்கோ, அவை எங்கை?”